ஏட்டிலே உரிமை, பையிலே வெறுமை!

தோழனே,

அரசுப் பள்ளியிலே பயிலும் பிள்ளையின் கையிலே பாடநூல் தரப்படுகிறதே, அது சலுகையா, உரிமையா?

"இதிலென்ன ஐயம்? உரிமைதான்!" என்று மார்தட்டிச் சொல்வாய். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரே நிற்பவன் சற்றுக் குறும்புக்காரனாக இருந்து, "உரிமை என்கிறாயே, எந்த நாளுக்குள் தரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்? தராவிட்டால் யாரைக் கேட்பது? கேட்டால் எத்தனை நாளில் விடை கிடைக்கும்?" என்று மடக்கினால் என்ன சொல்வாய்? உனக்கு மட்டுமல்ல, கோட்டையிலே அமர்ந்து கோப்புகளுக்குக் கையெழுத்திடும் பெரியவர்களுக்கும் அந்த மூன்று கேள்விகள் தொண்டையிலே முள்ளாகத்தான் சிக்கும். அவற்றைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உன்னோடு பேச வந்திருக்கிறேன்.

கல்வியைப் பற்றி நாம் மேடையிலே பேசாத நாளில்லை. 1953இல் அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தை இந்த நாடு எப்படி விரட்டியடித்தது என்று பேசுகிறோம். 1956இல் காமராசர் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கதையைப் பேசுகிறோம். 1968இல் அண்ணா இருமொழிக் கொள்கையை நிலைநாட்டியதைப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவையே. ஆனால், புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச்சைக் காணோம். சோற்றுக்கு மணமுண்டு, சீருடைக்கு நிறமுண்டு, மிதிவண்டியோ மணியடித்துக்கொண்டே ஊரைச் சுற்றிவருகிறது. புத்தகம் மட்டும் பைக்குள்ளே புகுந்து மறைந்துவிடுகிறது. வந்ததா வரவில்லையா என்பது தெருவிலே நிற்பவனுக்குத் தெரிவதில்லை. ஆகவே வராவிட்டாலும் ஊர் கொதிப்பதில்லை.

புத்தகம் பள்ளிக்கு எப்படி வருகிறது என்பதை முதலிலே தெரிந்துகொள்.

ஒரு காலத்திலே பாடநூல் என்பது தனியார் பதிப்பகத்தாரின் சந்தைச் சரக்கு. அவர்கள் எழுதுவார்கள், அச்சிடுவார்கள். அரசு அமைத்த குழு பார்த்து, 'ஏற்கத்தக்கது' என்று பட்டியலிலே சேர்க்கும். பட்டியலில் உள்ளவற்றுள் எதை வாங்குவது என்பது பள்ளியின் விருப்பம். அண்ணன் படித்த புத்தகம், வேறு பள்ளியிலே சேர்ந்த தம்பிக்கு உதவாது. ஏழைத் தகப்பனுக்கு ஜூன் மாதம் வந்தாலே கிலிதான். அந்த நிலையை மாற்ற எடுத்துவைத்த பெரிய அடிதான், 1970ஆம் ஆண்டு கலைஞர் ஆட்சியிலே உருவான தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம். எழுதுவோரும் மேற்பார்ப்போரும் பெரும்பாலும் ஆசிரியர்கள், பேராசிரியர்கள். பாடத்தை வகுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். அச்சிடுவிப்பதும் அனுப்புவதும் பாடநூல் கழகம். அச்சகத்திலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கல்வி அலுவலகத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கு. எழுதுபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர், இறக்குபவர் ஒருவர். நீண்ட சங்கிலி. ஒரு கண்ணி நழுவினால், கடைசியிலே நிற்கும் பிள்ளையின் கை காலி.

கண்ணி தானாக நழுவினால் பொறுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே அறுத்தெறிந்த காட்சியையும் இந்த நாடு கண்டது. 2011!

அதற்குமுன் தமிழ்நாட்டிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு வருணம் இருந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல். ஒரே தெருவிலே பிறந்த நால்வர், நான்கு வேறு புத்தகங்களைச் சுமந்துகொண்டு நான்கு திசையிலே நடந்தார்கள். முனைவர் முத்துக்குமரன் குழு ஆய்ந்து அறிக்கை தந்தது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே 1ஆம் வகுப்புக்கும் 6ஆம் வகுப்புக்கும் பொதுவான புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு, மற்ற வகுப்புகள் 10 வரை. புத்தகங்கள் அச்சாகிவிட்டன. ஏறத்தாழ 200 கோடி ரூபாய் செலவாகிவிட்டது. கட்டுக்கட்டாகக் கிடங்குகளிலே காத்திருந்தன.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. அம்மையார் ஜெயலலிதா முதலமைச்சரானார். மே 22ஆம் நாள் அமைச்சரவை கூடி, 'தரம் போதாது, இந்த ஆண்டு வேண்டாம், பழைய புத்தகங்களையே அச்சிடுவோம்' என்று முடிவெடுத்தது. சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, உச்ச நீதிமன்றம் சென்றது, மீண்டும் உயர் நீதிமன்றம் வந்தது. ஜூலை 18ஆம் நாள் உயர் நீதிமன்றம் திருத்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. விட்டார்களா? மீண்டும் டில்லி! ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 'பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்து' என்று இறுதியாகச் சொன்னது.

வழக்கறிஞர்களுக்கு அது வெற்றி தோல்வி. பிள்ளைகளுக்கு? ஜூன் நடுவிலே பள்ளி திறந்தது. ஆகஸ்டிலே தீர்ப்பு. ஏறத்தாழ எட்டு வாரம். 2 முதல் 5 வரை, 7 முதல் 10 வரை படித்த பிள்ளைகள், புத்தகமில்லாப் பள்ளிக்குப் போய்வந்தார்கள். கற்பனை செய்து பார்:

"என்னடா, பை இவ்வளவு இலேசாக இருக்கிறது? புத்தகம் எங்கே?"

"இன்னும் வரவில்லை அப்பா."

"அச்சடிக்கவில்லையா?"

"அச்சடித்தாகிவிட்டதாம் அப்பா. பூட்டி வைத்திருக்கிறார்களாம்."

"ஏன்?"

"அது பெரியவர்களுக்குத்தான் தெரியுமாம்."

நாடக மேடையிலே அரியணை வந்து சேரவில்லையென்றால் ஒரு முக்காலியைப் போட்டு ஒப்பேற்றிவிடுவோம். அரசன் வேடமிட்டவன் மிடுக்கோடு அமர்ந்தால் முக்காலியும் அரியணையாகிவிடும். வகுப்பறையிலே அந்த வித்தை செல்லாது. பத்தாம் வகுப்பு மாணவன், மார்ச்சிலே பொதுத்தேர்வு எழுத வேண்டியவன், ஜூன் பாடத்தை எந்த முக்காலியிலே உட்கார்ந்து படிப்பான்? வசதியுள்ள வீட்டிலே தனிப்பயிற்சி வைத்தார்கள். கூலிக்காரன் வீட்டிலே?

இந்த இடத்திலே நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கைதட்டலுக்காகப் பேசும் மேடையல்லவே இது! அந்தப் புத்தகங்களிலே அன்றைய முதலமைச்சர் கலைஞரின் படைப்பும், செம்மொழி மாநாடு பற்றிய பக்கங்களும் இருந்தன. "தமிழுக்குத் தொண்டாற்றியவர் எழுத்து பாடமானால் தவறென்ன?" என்று நீ சீறுவாய். எழுத்திலே தவறில்லை. நாற்காலியிலே அமர்ந்திருக்கும்போதே அவர் எழுத்து பாடமாகும்போது, எதிரிக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிடுகிறது. அந்தச் சில பக்கங்களைக் காட்டி, முழுப் புத்தகத்தையும் முடக்கினார்கள். ஏற்கத்தகாத பகுதி ஏதேனும் இருந்தால் அதை நீக்கிக்கொள்ளலாம், அதற்காகத் திட்டத்தையே நிறுத்துவானேன் என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் நிலையாக இருந்தது. பிறகு பள்ளிகளிலே நடந்தது கூத்து. பிடிக்காத பக்கங்களின்மேல் தாளை ஒட்டச் சொன்னார்கள். எந்தப் பிள்ளையாவது ஒட்டிய தாளை உரித்துப் பார்க்காமல் விடுமா? வேறெந்தப் பாடத்தையும் அத்தனை ஆவலோடு எவரும் படித்திருக்க மாட்டார்கள்!

ஆகவே பாடநூலிலே எது இருக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் குழு, ஆள்பவரின் முகம் பார்க்காத குழுவாக இருக்கவேண்டும். பதவியிலே இருப்பவர், அவர் எவராயினும், அவர் படமும் பாட்டும் பாடநூலுக்குள் நுழையக்கூடாது என்று நாமே விதி எழுதவேண்டும். குழுவிலே யார் யார், எதை ஏன் சேர்த்தார்கள், எதை ஏன் விட்டார்கள் என்பது ஊரறிய வெளியிடப்படவேண்டும். நாம் எழுதாவிட்டால், அடுத்து வருகிறவன் ஒட்டுத்தாளோடு வருவான். அவன் பங்குக்கு அவன் பாட்டையும் வைப்பான்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. பணம்?

இங்கேதான் டில்லியின் திருவிளையாடல். 1976இல், நெருக்கடி நிலையின் இருட்டிலே, 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 2004இல் கல்விக்கென்றே வரியின்மேல் 2 விழுக்காடு மேல்வரி போட்டார்கள். இன்னொரு வேடிக்கை கேள்: மேல்வரிப் பணம் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் தொகுப்பிலே சேராது. வசூலிப்பது கல்வியின் பெயரால். பகிர்வது டில்லியின் விருப்பத்தால்! அந்த விருப்பம் 2018 முதல் 'சமக்ர சிக்ஷா' என்ற பெயரிலே வருகிறது. நூற்றுக்கு 60 அவர்கள், 40 நாம். அந்தத் திட்டத்தின் கணக்கிலே ஒரு பிள்ளைக்கு ஓராண்டுப் பாடநூலுக்கு உயர்ந்த அளவு எவ்வளவு தெரியுமா? தொடக்கப்பள்ளிக்கு 250 ரூபாய், நடுநிலைக்கு 400 ரூபாய். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், எல்லாம் சேர்த்து!

அந்தத் தொகையும் தடையின்றி வந்ததா? 2024-25ஆம் ஆண்டுக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். குற்றமென்ன? 'பி.எம். ஸ்ரீ' பள்ளி ஒப்பந்தத்திலே கையெழுத்திடவில்லை. அதன் வழியே புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. மும்மொழியை விழுங்கினால் பணம் என்றார்கள். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தின் படியேறி, 2,291 கோடி கேட்டு வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. மாநிலம் பணிந்தால்தான் மழலைக்குப் பணம் என்பது எந்த அறநூலிலே உள்ளது? 2011இலே சென்னையில் நடந்ததும் இதுதான், 2024இலே டில்லியில் நடந்ததும் இதுதான். இரண்டு பெரியவர்களின் வழக்கு, பணயமாகப் பிள்ளை.

டில்லியைத் திட்டுவது எளிது, தேவையும்கூட. ஆனால் அதோடு நின்றுவிட்டால், தொடக்கத்திலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடையில்லை. பணம் வந்த ஆண்டுகளிலும் அந்தக் கேள்விகள் இருந்தனவே! அவற்றுக்கு விடை எழுதிவைத்த ஓரிடம் உண்டு. கடல் கடந்த இடம். அங்கும் எளிதிலே எழுதிவிடவில்லை. பிள்ளைகள் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் எழுதினார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். செல்வச் சீமை; திரைப்படத்தின் தலைநகரும் கணினியின் தாயகமும் அங்கேதான். 1912ஆம் ஆண்டிலேயே, பிள்ளைகளுக்குப் பாடநூல் விலையின்றித் தரப்படவேண்டும் என்று தங்கள் மாநில அரசமைப்பிலே எழுதிக்கொண்டவர்கள். ஆனால் 88 ஆண்டு கழித்து, 2000ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஏழைப் பள்ளிகளின் மாணவர்கள் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த நாளுக்கு ஒரு பொருளுண்டு. கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் அது. 'வில்லியம்ஸ் வழக்கு' என்று பெயர். சான் பிரான்சிஸ்கோ நகரின் ஒரு நடுநிலைப் பள்ளியைப் பற்றி மனுவிலே என்ன சொன்னார்கள்? புத்தகங்கள் வகுப்பிலே வைத்துப் பார்ப்பதற்கு மட்டுமே போதும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை. சமூக அறிவியல் நூலோ, சோவியத் ஒன்றியம் சிதறிப்போனதைக்கூட அறியாத நூல். ஒன்றியம் சிதறியது 1991இல், வழக்கு 2000இல்!

மாநில அரசு என்ன செய்தது? 'அது உள்ளூர் வாரியங்களின் பொறுப்பு' என்று கைகழுவப் பார்த்தது. ஒரு கோடி டாலருக்கும் மேல் வழக்கறிஞர்களுக்குக் கொட்டியது. அந்தப் பணத்துக்கு எத்தனை வண்டி புத்தகம் வாங்கியிருக்கலாம்! நாலாண்டுக்குப் பிறகு, ஆளுநர் மாறி, திரைப்பட நடிகராக இருந்து அரசியலுக்கு வந்த அர்னால்டு சுவார்ஸ்நெகர் வந்தபின், 2004இல் உடன்பாடு ஏற்பட்டது. (நடிகர் நாடாளலாமா என்று கேட்போர் தமிழ்நாட்டை மட்டும் பார்த்துக் கேட்க வேண்டாம்.) பின்தங்கிய பள்ளிகளின் பாடநூலுக்கென 13 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள்.

நான் பணத்தைச் சொல்ல வரவில்லை. அவர்கள் சட்டத்திலே எழுதிய சொற்களைச் சொல்ல வந்தேன். 'போதிய பாடநூல்' என்றால் என்ன? ஒவ்வொரு மாணவருக்கும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர் உட்பட, வகுப்பிலே பயன்படுத்தவும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் ஒரு நூல். வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்! அந்த ஒரு சொல்லுக்காக நாலாண்டு போராட்டம். பள்ளி திறந்து எட்டு வாரத்துக்குள் உள்ளூர் வாரியம் மக்களைக் கூட்டி, புத்தகம் போதுமா போதாதா என்று வெளிப்படையாகத் தீர்மானம் போடவேண்டும். தேர்ச்சியிலே அடித்தட்டில் நிற்கும் பள்ளிகளுக்கு, முதல் நான்கு வாரத்துக்குள் மேலதிகாரி நேரில் போய்ப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஓர் அறிவிப்பு: 'உனக்குப் புத்தகம் கிடைக்கவில்லையா? இந்தப் படிவத்திலே எழுது.' எழுதினால் 30 வேலைநாளுக்குள் குறை தீர்க்கப்படவேண்டும்.

கலிபோர்னியா சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது, அதே உடன்பாட்டிலே பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் ஆண்டுக்கணக்கிலே தேங்கிநின்றது. ஆனாலும் சுவரிலே அறிவிப்பு இருக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் உரிமை இன்னதென்று தெரிகிறது.

நம் நாட்டுக்கு வா. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன்கீழ் 2010இல் வகுத்த மாதிரி விதிகளிலே, அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூலும் எழுதுபொருளும் சீருடையும் விலையின்றிப் பெற உரிமையுண்டு என்று எழுதியிருக்கிறது. ஆக, உரிமைதான். நீ மார்தட்டியது சரிதான். ஆனால் எந்த நாளுக்குள் என்பதற்கு அந்த விதியிலே விடையில்லை. குறையிருந்தால்? 32ஆவது பிரிவைப் பார். உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்திலே முறையிடலாம். அவர்கள் முடிவு சொல்லக் கெடு எவ்வளவு? மூன்று மாதம்!

தோழனே, கணக்குப் போட்டுப் பார். 2012இல் முப்பருவ முறை கொண்டுவந்து, ஒரு புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளையின் முதுகுச் சுமை குறைந்தது, நல்ல செயல். ஆனால் முதல் பருவப் புத்தகத்தின் ஆயுள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். புத்தகம் வரவில்லையென்று ஜூன் மாதம் ஒரு தாய் முறையிடுகிறாள். செப்டம்பரிலே காலாண்டுத் தேர்வு முடிந்து, பருவமும் முடிந்தபின், 'உன் முறையீடு ஏற்கப்பட்டது' என்று ஓலை வருகிறது! அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கடலை மடிக்கவா? 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைக்கோ இந்த மூன்று மாதமும் கிடையாது. சட்டமே 14 வயதோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்குத் தரப்படும் புத்தகம் மாநில அரசின் மனத்தைப் பொறுத்தது. மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதை 2011 காட்டிவிட்டது.

2018இல் புதிய புத்தகங்கள் வந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்று கட்டங்கட்டமாக அச்சிட்டிருந்தார்கள். அப்பனின் கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும். அழகான ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறியீட்டைப் பார்க்கவும் முதலிலே புத்தகம் கையிலே இருக்கவேண்டுமே!

எனவே நம் கழகம், ஆளும்போதும் ஆளாதபோதும், ஒன்றைக் கேட்கவேண்டும் என்கிறேன். தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு கல்வி உரிமை விதிகளிலே பாடநூலுக்கென்று தனிப் பகுதி சேர்க்கவேண்டும். பருவம் தொடங்கும் நாளன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும், வீட்டுக்கு எடுத்துச் செல்ல, எல்லாப் பாடத்துக்கும் நூல். அதுதான் 'போதியது' என்று எழுது. மூன்று மாதம் என்பது சட்டம் வைத்த மேல் எல்லை. பாடநூலுக்குப் பத்து நாள் என்று நாம் குறுக்கிக்கொள்ளத் தயக்கமென்ன? 12ஆம் வகுப்பு வரை நீட்டு. தமிழிலே, பிள்ளைக்கே புரியும் தமிழிலே, வகுப்பறைச் சுவரிலே எழுதி ஒட்டு. "அதிகாரிகளுக்குத் தொல்லை கூடுமே" என்பார்கள். கூடட்டும்! பிள்ளை எட்டு வாரம் பட்ட தொல்லையைவிடவா?

விதி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தோழர்களின் துணைவியர் எத்தனையோ பேர் அதிலே உறுப்பினர்கள். அந்தக் கூட்டத்திலே பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஏட்டிலே கையெழுத்து, தட்டிலே பிஸ்கட், 'வருகிறேன் அம்மா'. இனி ஒரு கேள்வி கேட்கச் சொல். ஐந்தாம் வகுப்பிலே எத்தனை பிள்ளைகள், எத்தனை கணக்குப் புத்தகங்கள் வந்தன, எந்த நாளிலே வந்தன? தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவதுபோல் கேட்கக்கூடாது. பல பள்ளிகளிலே அவர்தான் சொந்தப் பணத்தில் ஆட்டோ பிடித்துப் போய்க் கட்டுகளை ஏற்றிவருகிறார். அவரும் நம்மைப்போல் சங்கிலியின் கடைசியிலே நிற்பவர்தான். விடையை வகுப்புவாரியாக, நாள்வாரியாக எழுதி வாங்கிக்கொள். ஒரு படி மாவட்டக் கழக அலுவலகத்துக்கு. ஒரு படி நம் ஏட்டுக்கு. எந்த மாவட்டத்திலே எத்தனை நாள் பிந்தியது என்ற பட்டியலை, நாம் ஆளும் காலமாயினும் சரி, மற்றவர் ஆளும் காலமாயினும் சரி, இதே பக்கத்திலே வெளியிட ஆசிரியரிடம் இடம் கேட்டிருக்கிறேன்.